ஓரமாக நின்றால் தெரிகிறாய்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன வாரம் போன் செய்தபோது என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய், அதனால்தான் கடிதம். பதினாறு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன், இன்னும் பதினாறு வருஷம் இருக்கவும் என்னால் முடியும். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

போன மாதம் கண்ணாடி மாற்றப் போனேன். தையல் ஆலையில் முப்பத்தொரு வருஷம் செக்கிங் பார்த்த கண் இது. விட்டுப்போன ஒரு தையல்கூட என்னைத் தாண்டிப் போனதில்லை. டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார். விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றனவாம். வயது ஏற ஏற நடுப்பார்வையை மட்டும் அரித்துக்கொண்டு போகிற வியாதி. ஓரப்பார்வை கடைசிவரை இருக்குமாம். எனக்கு ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

பிறகு, "உங்க குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லை டாக்டர்" என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "வயசான காலத்துல முகம் அடையாளம் தெரியாம போறது, இல்லாத ஆளுங்க நிக்கிற மாதிரி தெரியறது, இப்படி யாராவது சொன்னதுண்டா?"

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆள் உள்ளே வந்து நின்ற பிறகுதான் எழுந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வீட்டுச் சுவரோரமாக நீளக் கோட்டுப் போட்ட மூன்று பேர் நிற்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். கண்ணிலிருந்து போகவேண்டிய படம் போகாமல் நின்றுவிட்டால், மூளை சும்மா இருக்காமல் தானே ஒரு படத்தைப் போட்டுக்கொள்ளுமாம். புத்தி நன்றாக இருக்கிறவர்களுக்கும் வருமாம். டாக்டர் இதைத் தலைவலி, காய்ச்சல் மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்.

"புத்தி பேதலித்தவர்" என்று எழுதியிருந்த காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். அம்மாவை அந்த மனநல இல்லத்தில் கொண்டுபோய் விட்டாய். ஒன்பது மாதத்தில் அவள் போய்விட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நான் உன்னைக் குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதை இங்கே மறுபடி கிளற வரவில்லை.

இது வம்சத்தில் வருகிற வியாதி. அம்மாவுக்கு இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் கொடுத்துவிட்டேன். நீயும் கொடு. அதைவிட முக்கியம், கண்ணைக் காட்டு. இதனுடன் கட்டம் போட்ட ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார். கோடு வளைந்தால் உடனே ஓடு.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரி பிரித்துப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டாள். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது, நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஆலையை விட்டு வந்தும் உன் செக்கிங் நிற்கவில்லை. எவன் சட்டையில் எந்த நூல் தொங்குகிறது என்று பார்த்து ஒதுக்கி வைப்பதுதானே உன் வேலை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னை ஒதுக்கினாய். இப்போது காரணச் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

அம்மாவோடு இருந்தது நான். நீ வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போன விருந்தாளி. அடுப்பில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு ரொட்டி என்றாளே, அப்போது நீ இருந்தாயா? மாடிப்படியில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நான்கு படி உருண்டாளே, அப்போது? வீட்டுக்காரியும் வேலைக்குப் போகிறாள், நானும் போகிறேன். பகல் முழுக்க யார் காவல் இருப்பது? டாக்டர் ஒருத்தர்தான் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்தார். நானாக எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசி இரண்டு வருஷம் அம்மா என் முகத்தில் விழிக்கவில்லை. நான் எதிரே போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வேலைவிட்டு வந்து, "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "நீ என்னடா பாவம் பண்ணே" என்று அலமாரியிடம் சொன்னாள். பெற்றவளே பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டால் ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நீ கேட்காத கேள்விக்கு இது பதில்.

என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. உன் கட்டத் தாளை எனக்கா அனுப்புகிறாய்? நாற்பது வருஷமாகத் தரையில் அதே கட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். நூல் பிடித்து, இடது கண்ணை மூடி ஒரு பார்வை பார்த்தால் போதும், அரை நூல் பிசகு இருந்தாலும் சொல்லிவிடுவேன். இந்த முறை வந்த டைல்ஸ்தான் சரியில்லை. புதுக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக் கூடத்தை இரண்டு தடவை பெயர்த்து மறுபடி ஒட்டினேன், நடுவில் ஜாயிண்ட் நெளிகிறது. சூப்பர்வைசர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கே நெளியுது, எனக்குத் தெரியலையே" என்கிறான். நேற்று முளைத்தவன், அவனுக்கு என்ன தெரியும்.

ரத்தம் எல்லாம் தர முடியாது. பிடிவாதம் ஒன்றுதான் நம் வம்சத்தில் வருகிற வியாதி.

தம்பி

*

மார்ச் 8

தம்பி,

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் கடிதத்தில் அந்தக் கூடத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தை ஐந்து தடவை படித்தேன். அடேய், டைல்ஸ் நெளியவில்லை. உன் கண் நெளிகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். முன்பதிவு இல்லை என்று நர்ஸ் கத்தினாள், நானும் கத்தினேன். படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நூல் பார்க்க எந்தக் கண்ணை மூடுவாராம்?"

"இடது."

"அப்போ நாற்பது வருஷமா அந்தக் கண்ணைச் சோதிக்கவே இல்லை. இப்போ வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணால பார்க்கச் சொல்லுங்க. இன்னிக்கே."

இதில் இரண்டு வகை உண்டாம். எனக்கு இருப்பது மெல்ல நகர்கிற வகை. கோடு திடீரென்று நெளிந்தால் அது மற்ற வகையாக இருக்கலாம், விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசிகிறது என்று அர்த்தம். அதற்கு ஊசி இருக்கிறது, ஆனால் வாரக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. கசிந்து தழும்பாகிவிட்டால் எந்தக் கொம்பனாலும் திருப்பித் தர முடியாது.

என் ரத்த முடிவு வந்தது. இந்த வியாதியோடு சம்பந்தப்பட்ட ஜீன்களில் இரண்டு முக்கியமானவையாம். இரண்டிலும் எனக்கு ஆகாத வடிவம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சிப் பெண் சின்னவள், பொறுமையாகச் சொன்னாள். "இது இருக்குன்னா வந்தே தீரும்னு இல்லைம்மா. இல்லைன்னா வரவே வராதுன்னும் இல்லை. வர்றதுக்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்குன்னு வச்சுக்கோங்க. புகை பிடிச்சா அந்தக் கதவை நாமே இழுத்து அகலமாத் திறக்கிற மாதிரி." உன் ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதில் பம்பு அறைக்குப் பின்னால் நீ ஒளிந்து குடித்த சிகரெட்டை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தவள் நான்தான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நீயும் கொடுத்தால், நம் இருவர் ரத்தத்தையும் வைத்து அம்மாவிடமிருந்து என்ன வந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாமாம். அவள் இல்லாமலே அவளைத் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நீ என்னோடு பேசவே வேண்டாம். கண்ணைக் காட்டு.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

நீ சொன்ன அன்றைக்கே பார்த்தேன். அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, எதிர்ச் சுவரில் சூப்பர்வைசர் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து வலது கண்ணை மூடினேன். கடிகாரம் இல்லை. சுவர் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிற அழுக்கு. தலையை அசைத்தால் அந்த அழுக்கும் கூடவே வருகிறது. எத்தனை வருஷமாக அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வேலையே அதை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது.

மூன்று வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திட்டாதே, சொல்வதைக் கேள்.

அவர்கள் எனக்கும் வருகிறார்கள்.

முதலில் பூ வேலைப்பாடு மாதிரி சுவரெல்லாம் படர்ந்தது. அப்புறம் ஆட்கள். நட்டநடு மத்தியானம், நான்காவது மாடி, ஜன்னல் கண்ணாடிகூடப் போடாத அறை, வெயில் அப்படியே உள்ளே விழுகிறது. சிமெண்டுக் கலவையைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நான்கு பேர். முழங்கால் உயரம்தான் இருப்பார்கள். நல்ல உடுப்பு, ஒவ்வொரு பொத்தானும் தெரிகிறது. என் கண்ணுக்கு கையில் இருக்கிற கொத்துக்கரண்டிகூட அவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை. ஈரக் கலவைமேல் நிற்கிறார்கள், ஒரு தடம் விழவில்லை. "போங்க, காயலை" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் பெயிண்ட் அடிக்கிறவன் எட்டிப் பார்த்தான். போனில் பேசுகிற மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானே செய்தவன்தானே.

அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் ஊசி இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். அப்படியானால் அம்மாவுக்கும் பைத்தியம்தான், எனக்கு வந்தது அவளிடமிருந்து, நான் போட்ட கையெழுத்து சரி. கண்தான் கெட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால்? புத்தி தெளிவாக இருந்த ஒருத்தியைக் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் வைத்தவன் ஆகிவிடுவேன். அவள் என்னிடம் எத்தனையோ தடவை சொன்னாள், "அவங்க நிஜமில்லைன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா நிக்கிறாங்களே, நான் என்ன பண்ண?" நான் பின்பாதியை மட்டும் கேட்டேன். டாக்டரிடமும் அந்தப் பின்பாதியைத்தான் சொன்னேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிரிக்காதே. இத்தனை பேர் வருகிறார்களே, ஒருநாள் அம்மாவும் வரமாட்டாளா என்று பார்க்கிறேன். வந்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஊசி போட்டு, கண் தேறி, இவர்கள் எல்லாம் போய்விட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

கண் முழுசாகப் போகட்டும். நான் காத்திருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

அவள் வரமாட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்தானாம். வேண்டும் என்று கூப்பிட்டு வரவழைக்க முடியாதாம். நீ ஒரு கண்ணைக் காசு மாதிரி கொடுத்து அவளை வாங்கப் பார்க்கிறாய். அந்தக் கடையில் அவள் இல்லை.

அவளிடம் நீ கேட்க நினைத்ததற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. பதினாறு வருஷமாக இருக்கிறது. இதை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

நீ அவளை இல்லத்தில் விடுவதற்கு மூன்று மாதம் முன்பு அம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சில எழுத்துகள் தாளைத் தாண்டிப் போயிருந்தன, மேஜையில்தான் மிச்சத்தை எழுதியிருப்பாள். ஒரு பக்கம் படித்தேன். பயந்துவிட்டேன். முத்திப்போச்சு என்று நினைத்தேன். பதில் போட்டால் "உன்னோடு வந்து இருக்கட்டுமா?" என்று கேட்பாளோ என்றும் பயந்தேன். அப்போது என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அது காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. கடிதத்தை மடித்துத் தையல் பெட்டிக்கு அடியில் போட்டேன். பிறகு உன்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக் கேட்டேன், ஏனென்றால் யாராவது ஒருத்தர் குற்றவாளியாக இருக்க வேண்டியிருந்தது. நீ கையெழுத்துப் போட்டாய், நான் கையெழுத்துப் போடாமல் தப்பித்தேன். அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

போன வாரம் பூதக்கண்ணாடி வைத்து முழுசாகப் படித்தேன். உனக்கு வேண்டிய இடத்தை இங்கே எழுதுகிறேன். அவள் எழுதியது அப்படியே:

"கண்ணுக்கு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. எதை நேராப் பார்க்கிறேனோ அதுதான் தெரியலை. தம்பிகிட்ட நீ சொல்லேன். நான் சொன்னா அவன் வேற ஏதோ நினைக்கிறான். அவன் என் எதிர்ல வந்து நின்னா முகம் இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லை, சட்டைக்கு மேல வெறும் புகை. எனக்குப் பயமா இருக்கு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டாத்தான் அவன் ஓரத்துல தெரியறான். இளைச்சுட்டான். அவனை எதிர்ல நிக்க வேண்டாம், பக்கத்துல நிக்கச் சொல்லு. பக்கத்துல நின்னா என் புள்ளை எனக்குத் தெரியறான்."

இதை நான் உனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பவில்லை. உன்னைப் பார்க்கத்தான் திரும்பினாள். அதே கண் உனக்கு வந்திருக்கிறது, எனக்கும் வந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தண்டனை கொடுக்க நினைத்தால் கொடு, வாங்கிக்கொள்கிறேன். உன் வலது கண்ணை மட்டும் அதற்காக விட்டுவிடாதே.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்கா,

மார்க்கர் பேனாவில் எழுதுகிறேன், ஒரு தாளுக்கு ஏழு வரிதான் கொள்கிறது. கோணலாக இருந்தால் செக்கிங்கில் ஒதுக்கிவிடாதே.

உன் கடிதத்தை நானே படிக்க முடியவில்லை. பெரிய மகளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அம்மா எழுதிய இடம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். "அப்பா, இதை நீங்களே படிங்க" என்றாள். எப்படிப் படிப்பது? அவளே மறுபடி ஆரம்பித்தாள், பாதியில் அழுதாள், நானும் அழுதேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்து ஓடிவந்து யார் செத்துப்போனது என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் போய்விட்டோம். இடது கண் தழும்பாகிவிட்டது, அது போனது போனதுதான். வலது கண் கசிகிறது. இரண்டு ஊசி போட்டாயிற்று, மாதம் ஒன்று என்று இன்னும் போட வேண்டும். கண்ணில் ஊசியா என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஒரு தடவை வேலையில் முதுகில் சுத்தியல் விழுந்தது, அதைவிட இது மேல். இருப்பதைப் பிடித்து நிறுத்தலாம், கொஞ்சம் தேறலாம் என்கிறார்கள். டைல்ஸ் வேலை இனி இல்லை. சூப்பர்வைசரிடம் போய், தரை நேராகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். நேற்று முளைத்தவன் என்று எழுதியதை அழித்துவிடு.

ரத்தம் கொடுத்துவிட்டேன். பெரியவள் கொடுக்கவில்லை. "தெரிஞ்சுக்க நேரம் வரும்போது தெரிஞ்சுக்கிறேன்பா, வருஷா வருஷம் கண்ணைக் காட்டிக்கிறேன்" என்றாள். என் சிகரெட்டை மட்டும் ஜன்னல் வழியாக வீசினாள். பெரியவளுக்கு அத்தை ஜாடை இவ்வளவு இருக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

நேற்று சாப்பிடும்போது அவள், "ஏம்பா, என்னைப் பார்க்காமலே பேசறீங்க, கோபமா?" என்றாள். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தச் சின்ன ஆட்கள் இப்போது அபூர்வமாகத்தான் வருகிறார்கள். வந்தால் நான் கத்துவதில்லை, அவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும். அம்மா வரவில்லை. நீ சொன்னது சரி.

உனக்குத் தண்டனை கொடுக்க நான் யார்? ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொல்லவேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இல்லத்தில் அவளை நான் கடைசியாகப் பார்த்த நாள். எதிரே போய் நின்றேன், வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நிமிஷம் நின்றேன். கிளம்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சட்டை புதுசா? நல்லா இருக்கு" என்றாள். அந்த மூன்று பேரிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அக்கா, அன்றைக்கு நான் புதுச் சட்டைதான் போட்டிருந்தேன்.

தம்பி